நாச்சம்மைக்கு எழுதிய நற்சான்று

கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில், ஒரு சீன மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கப்பல் சரக்கு அலுவலகம். அங்கே ஆங்கிலம் என்றால் தங்கமணி, தங்கமணி என்றால் ஆங்கிலம். 1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரைக்கும் இந்த விஷயத்தில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சும்மா வந்த பெயர் இல்லை அது. கிள்ளானுக்குப் பக்கத்தில், மேரு என்கிற சின்ன ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் தங்கமணி. ஆறாம் ஆண்டு வரைக்கும் தமிழ்ப்பள்ளி. அதற்குப் பிறகு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் ஒரு வருஷம் தனியாக உட்கார வைத்து ஆங்கிலத்துக்குப் பழக்குகிற ரிமூவ் கிளாஸ். அந்த வகுப்பில் வாங்கிய கெட்டி அட்டை நோட்டை அவள் இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஏறக்குறைய ஒரே அர்த்தம் தருகிற இரண்டு ஆங்கிலச் சொற்கள், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழில் வித்தியாசம். ‘ஹியர்’ என்றால் காதில் விழுவது, ‘லிசன்’ என்றால் காது கொடுப்பது. ‘ஷேட்’ மரத்தடியில் உட்காருவதற்கு, ‘ஷேடோ’ நம் பின்னாலேயே வருவது. இருபது வருஷத்தில் அந்த ஒரு நோட்டு மூன்று நோட்டாகியிருந்தது.

முதலாளி லிம்முக்கு அவளுடைய அருமை தெரிந்தது ஒரு தையல் மிஷின் விவகாரத்தில். தைவானிலிருந்து வந்த மிஷின்களில் பாதி துருப்பிடித்துக் கிடந்தன. லிம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, ‘டிஃபெக்ட்’ என்று போட்டிருந்தார். தங்கமணி அதை டைப் அடிக்காமல் எழுந்து போய் அவர் மேசையில் வைத்தாள். ‘டிஃபெக்ட்’ என்றால் செய்யும்போதே இருந்த குறை, அதற்கு இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், கடல் தண்ணீர் பட்டு வழியில் கெட்டதற்கு ‘டேமேஜ்’ என்றுதான் போட வேண்டும் என்று சொன்னாள். அன்றிலிருந்து எந்தக் கடிதமும் அவள் கண்ணில் படாமல் அந்த மாடிப்படி இறங்கியதில்லை.

இன்னொரு வழக்கமும் அன்றிலிருந்துதான் வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் நற்சான்றுக் கடிதம் கேட்டால், லிம் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். தங்கமணி பக்கம் கையைக் காட்டுவார். அவள் எழுதுவாள், அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். யார் எவ்வளவு நல்லவர் என்று அந்த அலுவலகத்தின் சார்பில் உலகத்துக்குச் சொன்னது அவ்வளவும் தங்கமணிதான்.

அந்த மார்ச்சில் நாச்சம்மை வந்து சேர்ந்தாள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் புத்தகக் கடை வைத்திருக்கும் சோமசுந்தரம் செட்டியாரின் மகள். இருபத்து மூன்று வயது. முதலாம் ஆண்டிலிருந்தே கான்வென்ட். வீட்டில் அண்ணன்மாரோடு சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தானாம். தினமும் இரண்டு பஸ் மாறிக் கிள்ளானுக்கு வந்தாள். தங்கமணிக்கு நேர் எதிர் மேசையில் உட்கார வைத்தார்கள். வந்த முதல் நாளே பலகாரப் பொட்டலத்தை நீட்டி, “அக்கா, எடுத்துக்குங்க” என்று சிரித்தாள். தங்கமணியும் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண்தான். அங்கேதான் கஷ்டமே. கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் தங்கமணிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

முதல் அடி மூன்றாவது வாரம் விழுந்தது. துறைமுகத்துக்குத் தாள்கள் கொண்டுபோகும் பாலன் வழக்கம்போலக் கதவோரம் நின்று குரல் கொடுத்தான்.

“அக்கா, கப்பல் வியாழக்கிழமைதான் வருதாம். ‘டிலே’ன்னு போடவா, ‘போஸ்ட்போன்’னு போடவா?”

தங்கமணி இழுப்பறையைத் திறந்தாள். நோட்டில் பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிர் மேசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

“‘டிலே’தான் அண்ணே.”

பாலன் எழுதிக்கொண்டு படியிறங்கிப் போயே போய்விட்டான். தங்கமணி பக்கத்தைக் கண்டுபிடித்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

“ஏன் ‘டிலே’?” என்று கேட்டாள் நாச்சம்மையிடம். பரீட்சை வைக்கிற குரல்.

நாச்சம்மை விழித்தாள். “ஏன்னு தெரியலக்கா. ‘போஸ்ட்போன்’னா காதுக்கு நல்லா இல்ல லா.”

காதுக்கு நல்லா இல்லை! ‘போஸ்ட்போன்’ என்றால் நாமாகத் தள்ளிவைப்பது, ‘டிலே’ என்றால் தானாகத் தாமதமாவது. இதைத் தெரிந்துகொள்ளப் பதினான்கு வயதில் தங்கமணி ஒரு சாயங்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அப்பாவிடம் அடி வாங்கினாள். இந்தப் பெண்ணுக்கு அது காதிலேயே இருக்கிறது. மூக்கும் முழியும் போல, பிறக்கும்போதே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தங்கமணிக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பாலன் போனான், கணக்குப் பிரிவு ரமணி போனாள், கீழே மருந்துக் கடைக்காரர்கூட ஒரு நாள் மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து நேராக நாச்சம்மையிடம் போனார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தங்கமணியிடம் ஒரு சொல் கேட்டால் பத்து நிமிஷம் விளக்கம் கேட்க வேண்டும். நாச்சம்மையிடம் கேட்டால் ஒரே நொடி. பசிக்கிறவனுக்குச் சமையல் குறிப்பு எதற்கு? ஆனால் இந்த நியாயமெல்லாம் நமக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவளுக்கு உள்ளுக்குள் புழுங்குவதைத் தவிர வேறு என்ன செய்யத் தெரியும்?

ஆகஸ்டில் வந்தது பெரிய அடி. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி இறந்துபோனாள். அனுதாபக் கடிதம் தங்கமணிதான் எழுதினாள். ‘டெத்’ என்று மொட்டையாகப் போடக் கூடாது, ‘டிமைஸ்’ என்றால்தான் மரியாதை என்று அவளுடைய இரண்டாவது நோட்டில் எழுதியிருந்தது. அப்படியே போட்டாள். லிம் அதை வாங்கி, என்றும் இல்லாத வழக்கமாக, நாச்சம்மையிடம் கொடுத்து ஒரு பார்வை பார்க்கச் சொன்னார்.

நாச்சம்மை தயங்கித் தயங்கித் தங்கமணியிடம் வந்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்டாட்டி செத்துப்போன மனுஷருக்கு ‘டிமைஸ்’னு எழுதினா, ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. ‘டெத்’னே போட்டா, பக்கத்துல உக்காந்து கூட அழற மாதிரி இருக்கும்.”

அவள் சொன்னது சரி. சரி என்பது அந்த விநாடியே தங்கமணிக்குத் தெரிந்துவிட்டது. தன் அம்மா போனபோது, ‘தங்கள் தாயார் காலமானதை அறிந்து’ என்று வந்த கடிதங்களை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ‘அம்மா செத்துட்டாங்களா தங்கம்’ என்று ஒரு சிநேகிதி எழுதிய கார்டைத்தானே அவள் இன்னும் வைத்திருக்கிறாள்? தமிழில் தெரிந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் தெரியவில்லை. மூன்று நோட்டிலும் அது இல்லை. ‘டெத்’ என்றே திருத்தி அடித்துக் கொடுத்தாள், கடிதம் போனது. பத்து நாள் கழித்து அந்த வாடிக்கையாளர் லிம்முக்கு போன் செய்து, வந்த கடிதங்களிலேயே இது ஒன்றுதான் மனுஷன் எழுதியது மாதிரி இருந்தது என்று சொன்னாராம். லிம் அதை எல்லார் முன்னாலும் நாச்சம்மையிடம் சொன்னார். தங்கமணி டைப்ரைட்டரில் கார்பன் தாளைத் திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் தொடக்கத்தில் நாச்சம்மை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோலாலம்பூரில் ஒரு பெண் வக்கீலின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுத ஆள் கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமை நேர்முகம். “வீட்டுலருந்து நடந்தே போயிரலாம்க்கா. பாஸ் கிட்ட நற்சான்று கேட்டேன், உங்களைக் காட்டிட்டாரு. எழுதித் தருவீங்களா?”

“தரேன் போ” என்றாள் தங்கமணி.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது புருஷன் ஜெயராஜிடம் சொன்னாள். லோரி ஓட்டுகிறவன், எதையும் நேர் ரோட்டில் யோசிப்பவன். “நல்லதாப் போச்சு லா! நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்து அனுப்பி விடு. பீடை ஒழிஞ்சுது. எட்டு மாசமா அந்தப் பிள்ளை பேரைச் சொல்லித்தானே எனக்குச் சோறு போடுற?”

புத்தியுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். எதிரி தானாகக் கிளம்புகிறாள், கதவைத் திறந்துவிட்டால் போதும். ஆனால் பொறாமைக்கும் புத்திக்கும் என்ன உறவு? ஏழு வருஷத்துக்கு முன்னால் தங்கமணியே ஒரு வக்கீல் அலுவலக வேலைக்கு எழுதிப் போட்டாள். அதை ஜெயராஜிடம்கூடச் சொல்லவில்லை. லிம்மிடம் நற்சான்று கேட்டபோது, நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டார். தன்னைப் பற்றித் தானே என்ன எழுதுவது? ‘ஹார்ட்வொர்க்கிங்’ என்று ஒரு சொல் போட்டாள். அடுத்த சொல்லுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டே வரிக் கடிதம் போனது. பதில் வரவில்லை. ஊருக்கெல்லாம் நற்சான்று எழுதியவளுக்கு எழுத ஆள் இல்லாமல் போன அந்த வேலைக்கு, இப்போது இந்தக் காதுக்காரி நடந்தே போகப் போகிறாளா?

மறுநாள் அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. தேவைப்படவில்லை. சொற்கள் வரிசையில் நின்றன. ‘கேபபிள்’ என்றால் திறமைசாலி, அதற்குப் பக்கத்து வீட்டில் இருப்பது ‘அடிக்வெட்’, அதாவது ஏதோ போதும். இரண்டாவதைப் போட்டாள். நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்கு ‘ரிலையபிள்’, அந்த இடத்தில் சொன்னதைச் செய்வாள் என்கிற ‘ஒபீடியன்ட்’டைப் போட்டாள். இனிமையானவள் என்பதற்கு ‘ப்ளெசன்ட்’. தங்கமணி ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, ‘ஹார்ம்லெஸ்’ என்று அடித்தாள். யாருக்கும் கெடுதல் இல்லாதவள். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றி விருந்தாளிக்குச் சொல்லலாம் அந்த வார்த்தையை. கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. தேடினாலும் கிடைக்காது. லிம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நாச்சம்மை நின்றபடியே படித்தாள். கடைசி வரியில் அவளுடைய புருவம் லேசாகச் சுருங்கியது.

“என்ன?” என்றாள் தங்கமணி.

“ஒண்ணுமில்லக்கா. இந்த ‘ஹார்ம்லெஸ்’… காதுக்கு ஒரு மாதிரி இருக்கு.” பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டாள். “நீங்க போட்டிருந்தா யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்க. தேங்க்ஸ்க்கா.”

கடிதத்தை நான்காக மடிக்காமல், கசங்காமல், ஒரு கோப்பில் வைத்து எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை எதிர் மேசை காலியாக இருந்தது. பாலன் கதவோரம் நின்று தங்கமணியிடம் இரண்டு சந்தேகம் கேட்டான். பழைய நாட்கள் மாதிரியே இருந்தது. ஆனாலும் அவள் இரண்டாவது சந்தேகத்துக்குத் தப்பான பக்கத்தைத் திறந்தாள்.

திங்கட்கிழமை நாச்சம்மை வந்தாள். மதியம் டிபன் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பேசினாள்.

“வக்கீலம்மா லெட்டரைப் படிச்சாங்கக்கா. பென்சில் எடுத்து மூணு வார்த்தைக்கு அடியில கோடு போட்டாங்க. உன் பாஸுக்கும் உனக்கும் ஏதாவது சண்டையான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். பாஸ் எழுதல, எங்க அக்கா எழுதினது. அவங்க ஒரு வார்த்தை போட்டா, அதுக்குப் பக்கத்துல இருக்கற பத்து வார்த்தையையும் பாத்துட்டுத்தான் போடுவாங்க, தெரியாமப் போட மாட்டாங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு அவங்க?”

“அப்படின்னா எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிருச்சுன்னாங்க. இன்னொரு பொண்ணும் வந்திருந்தா. புதன்கிழமை சொல்றாங்களாம்.” நாச்சம்மை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “முதல்ல அழுகை வந்துச்சுக்கா. அப்புறம் யோசிச்சேன். நீங்க எழுதினது சரிதான். நான் அவ்வளவுதான். யாராவது ஒரு வார்த்தை கேட்டா டக்குன்னு சொல்லிர்றேன், ஆனா ஒவ்வொரு தடவையும் பயம். ஏன்னு கேட்டுட்டா என்ன சொல்றது? நீங்க இழுப்பறையத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உங்க மேல எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? உங்களுக்குக் காரணம் இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

தங்கமணி கையில் இருந்த கரண்டியை வைத்தாள். தன்மேல் ஒருவர் பொறாமைப்பட முடியும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. அதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போதும் பொறாமைதான் வந்தது. ஒருத்தி எழுதிய மூன்று சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தான் அவ்வளவுதான் என்று நம்புகிற அளவுக்கு ஒருவரை நம்ப இந்தப் பெண்ணால் எப்படி முடிகிறது? அதுவும் கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்தார்களா? அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. வந்த வேகத்தில் காது இரண்டும் சுட்டன.

அவள் சாப்பாட்டை மூடிவிட்டு டைப்ரைட்டரில் தாளை மாட்டினாள். ஒரு மணி நேரத்தில் நான்கு தாள் கிழிந்து கூடைக்குப் போயின. ஐந்தாவது தாள் நின்றது. லிம்மிடம் கொண்டு போனாள். ஒரே ஆளுக்கு இரண்டாவது நற்சான்று என்பதை அவர் கவனிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பாலன் கோலாலம்பூருக்குத் தாள்கள் கொண்டு போக வேண்டிய நாள். இதையும் அந்த வக்கீல் அலுவலகத்தில் கையோடு கொடுத்துவிடு என்று அவனிடம் சொல்லி, உறையில் விலாசம் எழுதி வைத்தாள். ஒட்டுவதற்கு முன்னால், அலுவலகம் கலைந்து மற்றவர்கள் படியிறங்கிய பிறகு, கடிதத்தை எடுத்து நாச்சம்மையின் மேசையில் வைத்தாள்.

“முதல் லெட்டர் சரியில்ல. இது நாளைக்குப் போகுது. படிச்சுப் பாரு.”

“எதுக்குக்கா? அதுல தப்பு எதுவும்…”

“தப்பு இல்ல. தெரியாமப் போட்டாத்தான் தப்பு. தெரிஞ்சே போட்டேன். உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னே போட்டேன்.”

கீழே மருந்துக் கடையில் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

“ஏன்க்கா?”

ஏன் என்று எட்டு மாதமாக அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவள் தங்கமணி. ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் வைத்திருந்தவள். இப்போது தன் முறை வந்தபோது சுற்றி வளைக்க அவளுக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

“பொறாமை” என்றாள். “வேற என்ன.”

நாச்சம்மையின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் தங்கமணி நினைத்தாள். போயிருந்தால் நியாயமும்தான். அவள் போகவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்று படித்தாள். ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கடிதத்தில், காரணம் தெரியாத ஒரு சொல்லையும் அலுவலகத்திலிருந்து வெளியே விடாதவள் என்று இருந்தது. மற்றவர்கள் கேட்டால் சலிக்காமல் உதவுகிறவள் என்று இருந்தது. வந்த இடத்தில் ஒருவரும் கற்றுக்கொடுக்காமலே உயர்ந்தவள் என்றும், ‘கேபபிள்’ என்றும், ‘ரிலையபிள்’ என்றும், அவளை இழப்பது எங்களுக்கு நஷ்டம் என்றும் இருந்தது.

நாச்சம்மை திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் இன்னும் கோபம் இருந்தது.

“இதுவும் சரியில்லக்கா.”

“எது? எந்த வார்த்தை?”

“வார்த்தை எல்லாம் சரி. ஆள்தான் தப்பு. இது நான் இல்ல.” கடிதத்தை நீட்டினாள். “இது நீங்க.”

தங்கமணி அதை வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினான்கு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஒருவரும் அவளைப் பற்றி ஒரு வரிகூட அவளுக்குப் படித்துக் காட்டியதில்லை.

“சரி, திருத்தலாம். காலையில பாலன் வர்றதுக்குள்ள நீயும் நானும் உக்காந்து திருத்தலாம்” என்றாள். “அதுக்கு முன்னாடி ஒரு தடவை படி. சத்தமாப் படி.”